மஞ்சள் பூசிய பாறை

எலும்புநெய்வி இயந்திரத்தின் தொட்டியில் ஒரு பிடி கல்மாவுகூட இல்லை. ஜெய்சல்மேர் பாலைவனத்தில் மலையளவு சுண்ணாம்புப் பாறை நிற்க, அதன் காலடியிலிருந்த மருத்துவமனையில்தான் இந்தக் கூத்து.

அந்தப் பாறை ஜுராசிக் காலத்துக் கடலடி. சிப்பியும் பவளமும் படிந்து இறுகியது. அவற்றின் நுண்துளைகளைச் சொந்தமென்று நம்பி நம் எலும்பு ஒட்டிக்கொள்ளும்; வேறு கல்லிடம் ஏமாறாது. மாவாக்கிப் போட்டால் எலும்புநெய்வி இடுப்போ முதுகோ நெய்து தந்துவிடும். தாங்குகட்டை விற்ற கடைகளெல்லாம் மூடியாயிற்று.

கல் வெட்ட வந்து குடியேறிய சேலத்துக்காரர்களில் முதலில் குணமானவள் பொன்னுருவி. சிறுமியாக இடுப்பு நெய்யப்பட்டு எழுந்தவள், நேரே போய் வெட்டிய இடத்தில் மஞ்சள் பூசி, பொட்டு வைத்துக் கும்பிட்டாள். நல்ல மனசுதான், யார் குறை சொல்வது? அவளுக்குப் பின் குணமாகி நடந்தவர்களும் பூசினார்கள். மஞ்சள் பூசிவிட்டால் அது சாமி. சாமிமேல் எவன் இயந்திரத்தை ஏற்றுவான்? வருடங்கள் போகப் போகப் பாறை முழுக்க மஞ்சளாகிவிட்டது.

இப்போது பொன்னுருவியின் மகள் நன்முல்லைக்கும் அதே இடுப்புக் குறை. நடக்க வேண்டிய வயதில் தவழ்கிறாள்.

கணவன் தீர்த்தகிரி பாறைவெட்டியின் ஓட்டுநர். அவனிடம் பொன்னுருவி கெஞ்சினாள்.

"ஒரு கூடை வெட்டிக் குடுங்க. நம்ம புள்ளைக்குத்தானுங்க?"

"உன்னை நடக்க வெச்ச சாமி பொன்னு அது. கையே ஓட மாட்டேங்குது."

அவளே உளியோடு போனாள். பாறைமுன் நின்றதும் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். அத்தனை நன்றி அவளுக்குள் இருந்தது, என்ன செய்ய?

திரும்பி வந்து மருத்துவர் ரெஜினாவிடம் சொன்னாள்: "என் இடுப்புல மஞ்சள் படலீங்க டாக்டரம்மா. அதும் அதே கல்லுதானுங்களே. எடுத்துக்குங்க."

"நீ படுத்துடுவியே."

"அவ நடக்கட்டுங்க."

"சரி. காயம் ஆறினதும் உனக்கு எஃகுல ஒண்ணு வெச்சுடறேன்."

நன்முல்லை நடந்தாள். தாயின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தாள். பொன்னுருவி படுத்தபடியே, "போதும் தாயி, எனக்கு இது போதும்" என்று அழுதாள்.

எஃகு இடுப்பு பொருத்தும் நாளன்று, ஊரே திரண்டு வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. ரெஜினா உள்ளே நுழைந்தபோது பொன்னுருவி நெற்றியிலிருந்து பாதம் வரை மஞ்சளாகக் கிடந்தாள்.

"கத்தி," என்று ரெஜினா கையை நீட்டினாள்.

நர்ஸ் கன்னத்தில் போட்டுக்கொண்டு விலகி நின்றாள்.