நிறம் மாறாத கொத்து

காலை ஒன்பது மணி. ரோடோப் மலைமேல் இருந்த வானாய்வகத்தில் இளம் ஆய்வாளர் க்ரோஸ்தானா திரையை நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். போன மாதம் ஒரு கோடி ஆண்டு வயது காட்டிய அவளுடைய விண்மீன் கொத்து, நேற்று எடுத்த படங்களில் நாற்பது லட்சம்தான் என்றது.

கணக்கு எளிது. அகச்சிவப்புக் கேமராவில் ஜே, கே என்ற இரு வடிகட்டிக் கண்ணாடிகள் வழியே படம் எடுப்பார்கள்; ஒவ்வொரு கண்ணாடியும் கேமராவின் சுழல்தட்டில் அதன் பெயர் எழுதிய குழியில் உட்கார்ந்திருக்கும். ஜேயில் மங்கி, கேயில் பளிச்சிட்டால் கொத்து சிவப்பு. கோடி வயதை நெருங்கும்போது பெரிய விண்மீன்கள் ஊதிச் சிவந்துவிடும். அந்தச் சிவப்புதான் இப்போது போன இடம் தெரியவில்லை. நண்பகல் கூட்டத்தில் பொய்க்கணக்கு என்று முடிவானால் அவள் வேலை போய்விடும்.

விசாரிக்கத் தலைநகர் சோஃபியாவிலிருந்து வந்தவள் வானியலாளர் வெலிச்கா. வளவளப்பு பிடிக்காதவள்.

"கேமராவை யார் தொட்டாங்க?"

"போன வாரம் சுத்தம் பண்ணத் திறந்தோம். நானும் டெக்னீஷியன் ஸ்தாமெனும்," என்றார் பேராசிரியர் ஹிரிஸ்தோஃபோர். "அதுக்காகக் கேமரா மேல பழி போடாதீங்க. நேத்து அதுலதான் என் கிழட்டுக் கொத்தையும் எடுத்தேன். எப்பவும் போல செக்கச்செவேல்னு இருக்கு. பொண்ணு அவசரக்குடுக்கை, அவ்வளவுதான்."

"நான் பொய் சொல்லலக்கா!" க்ரோஸ்தானா வெலிச்காவிடம் திரும்பினாள்.

வெலிச்கா அவளுடைய பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கொத்தை விட்டுவிட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாத அக்கம்பக்கத்து விண்மீன்களைப் பார்த்தாள். அவையும் சிவப்பு இழந்திருந்தன.

"ஒருத்தி நரையை மறைக்கலாம். ஊரே ஒண்ணா சாயம் பூசுமா? ஜே குழியில, ஜேக்கும் கேக்கும் நடுவுல வர்ற எச் கண்ணாடி உட்கார்ந்திருக்கு; எச் குழியில ஜே. எச் கேக்குப் பக்கம்; அதான் வித்தியாசம் சுருங்கிச் சிவப்பு குறைஞ்சிருக்கு."

ஓரமாக நின்றிருந்த ஸ்தாமென் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ! துடைச்சப்போ மாத்தி மாட்டிட்டேனோ?"

"பாவம், கைத்தவறு. விடுங்க," என்றார் பேராசிரியர்.

"விடலாம். ஆனா உங்க கொத்து மட்டும் எப்படிச் சிவப்பாவே இருந்துச்சு?"

பேராசிரியர் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"மாறினது தெரியாதவங்க ஜேன்னு எழுதின குழியைத்தான் திருப்புவாங்க. இவ அப்படித்தான் ஏமாந்தா. நீங்க ஜே வேணும்னு எச் குழியைத் திருப்பியிருக்கீங்க. மாத்தினது நீங்கதான், புரொஃபசர்."

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "இந்தப் பொண்ணோட கொத்துக்கு நாப்பது லட்சம்னு எத்தனை வருஷமா பாடம் நடத்தியிருக்கேன்..."

"அதுக்காக என் சோத்துல மண்ணள்ளிப் போடுவீங்களா?" க்ரோஸ்தானா அவர் முன்னால் போய் நின்றாள். "வயசைத் தப்பா சொன்னதுக்கு யாரும் உங்களைத் துரத்தியிருக்க மாட்டாங்க, புரொஃபசர். இதுக்குத் துரத்துவாங்க."