நாலாவதாக நின்றவள்

நாகையா நல்லவன் என்று சொல்கிறவர்கள் கிள்ளானில் இன்னும் இருக்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். என் வாயால் இனி அதைச் சொல்ல மாட்டேன்.

எண்பத்து மூன்றாம் வருடம், தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல, நான் குடியிருந்த பிரிக்பீல்ட்சிலிருந்து கிள்ளானுக்கு ரயில், அங்கிருந்து பண்டமாரானுக்கு பஸ் என்று அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. அவனுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. எங்களைச் சேர்த்து வைத்தது பழைய கேமராதான். ஊரில் மற்ற ஆண்கள் நாலு நம்பர் லாட்டரி எடுப்பார்கள், புறா வளர்ப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் பாசார் காராட் சந்தையில் தரையில் பரப்பிப் போட்டிருக்கும் பழைய சாமான்களுக்குள் கையை விட்டு, எவனோ எப்போதோ படம் எடுத்துத் தள்ளிவிட்ட கேமராக்களைத் தேடுவோம். லென்ஸில் பூத்த பூஞ்சையைத் துடைத்து, ஃபிலிம் போட்டு எடுத்துப் பார்த்தால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும்.

என் மனைவி சீதாலெட்சுமிக்குக் கூடப் பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. எங்கள் மகள் புனிதாவுக்குக் காது குத்தியபோது தாய்மாமனாக மடியில் வைத்துக்கொண்டவன் நாகையாதான். அப்படிப்பட்ட உறவு.

அன்றைக்கு அவன் வீடு ஒரு மாதிரியாக இருந்தது. வெளியே கொளுத்துகிற வெயில். உள்ளே காலை வைத்ததும் மயிர்க்கூச்செறிகிற குளிர். புளிப்பும் புகையும் கலந்த ஒரு வாடை. நான் தோட்டத்தில் பிறந்தவன், எனக்கு அது தெரிந்த வாடைதான்: ரப்பர் ஷீட் காயப்போடுகிற புகைக்கொட்டாய் வாடை. பண்டமாரானில் ரப்பர் எங்கே இருக்கிறது? அவன் பையன் வாசு, எலும்பும் தோலுமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து யாருடனோ குசுகுசுத்துக்கொண்டிருந்தான். நாகையாவின் மனைவி தனலெட்சுமி கொல்லைப்புறக் குழாயடியில் நின்றாள். எப்போது போனாலும் "வாங்கண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள், அன்றைக்கு என்னை யாரோ எவரோ என்று பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று நினைத்தேன்.

நாகையா அலமாரியைத் திறந்து அந்தக் கேமராவை எடுத்தான்.

ஜெர்மன்காரன் செய்த இரட்டைக் கண் கேமரா. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். இடுப்பளவில் பிடித்துக்கொண்டு, மேல் மூடியைத் திறந்து, கண்ணாடியில் விழுகிற உருவத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்கே திரும்பிப் போனபோது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். அதில் இவனுக்குக் கிடைத்தது. வந்த நாளிலிருந்து என்னைத் தொடக்கூட விட்டதில்லை.

"எடுத்துக்கடா. உனக்குத்தான்."

"விளையாடாத லா."

"தீபாவளிக்கு என் மருமகளுக்குக் குடுத்ததா வச்சுக்க. குடும்பத்தோட ஒரு படம் எடு." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க வீட்டுல மூணே பேரு. மூணு பேரா நிக்கக் கூடாது, தெரியும்ல?"

தெரியாமல் என்ன? மூன்று பேராக நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்கிறவருக்கு ஆகாது. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த சமாச்சாரம். அக்கம்பக்கத்தில் யாரையாவது பிடித்து இழுத்து நாலாவதாக நிறுத்திவிடுவோம். பிரிக்பீல்ட்ஸ் ஆல்பங்களில் பாதிப் படங்களில் சம்பந்தமே இல்லாத ஒரு பக்கத்து வீட்டுக்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது அதனால்தான்.

"ஆள் கிடைக்கலன்னா?"

"பாப்பா பக்கத்துல ஒரு ஆள் நிக்கிற மாதிரி இடம் விடு. 'வாங்க, வந்து நில்லுங்க'ன்னு வாய் விட்டுக் கூப்பிடு. அது போதும். எங்கம்மா அப்படித்தான் செய்வாங்க."

அவன் அம்மாவை நான் பார்த்ததில்லை. ஆனாலும் நம்பினேன். என் பிள்ளைக்குக் காது குத்த மடி கொடுத்தவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

தீபாவளியன்று விடிந்ததிலிருந்து மழை. ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். புனிதாவுக்கு நாலு வயது. புதுப் பாவாடை கசங்குவதற்குள் படத்தை எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். கேமராவை மேசை மேல் வைத்து, தானே எடுத்துக்கொள்ளும் விசையை முறுக்கினேன்.

"மூணு பேரா வேணாங்க," என்றாள் சீதா. "சாயங்காலம் யாராச்சும் வரட்டும்."

"அதுக்கெல்லாம் வழி இருக்கு." புனிதாவுக்கு இடது பக்கம் ஓர் ஆள் இடம் விட்டேன். வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். "வாங்க, வந்து நில்லுங்க."

சீதா சிரித்துவிட்டாள். "யாரைங்க கூப்பிடுறீங்க?"

நான் விசையைத் தட்டிவிட்டு ஓடிவந்து நின்றேன். கர்ர்ர் என்று அது ஓட ஆரம்பித்தது.

மழைச் சத்தம் சட்டென்று தூரத்துக்குப் போய்விட்டது.

கண்ணாடி வளையல்கள் உரசுகிற சத்தம்.

புகை வாடை.

க்ளிக்.

திரும்பிப் பார்த்தேன். புனிதா இடது கையைத் தூக்கி, ஒன்றுமே இல்லாத இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் மத்தியானம் குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, சிவப்பு பல்பைப் போட்டுக்கொண்டு, படத்தைக் கழுவ உட்கார்ந்தேன். எத்தனையோ படம் கழுவியிருக்கிறேன். தட்டில் மருந்துக்கு அடியில் வெள்ளைக் காகிதத்தை ஆட்டிக்கொண்டிருந்தால், கறுப்பான இடங்கள் முதலில் எழும். தலைமுடி எழும், கண் எழும்.

முதலில் எழுந்தது ஒரு கொண்டை.

சீதா அன்றைக்குப் பின்னல் போட்டிருந்தாள்.

கொண்டைக்குக் கீழே ஒரு கழுத்து. கழுத்துக்குக் கீழே குனிந்த முதுகு. வேறு யாருமே இல்லாத காகிதத்தில் அவள் மட்டும் முழுசாக நின்றாள். நாங்கள் மூன்று பேரும் அதற்கப்புறம்தான், ஏதோ கடனுக்கு வந்தவர்கள் மாதிரி, மெதுவாக எழுந்தோம். அவள் முகம் தெரியவில்லை. குழந்தையைப் பார்த்துக் குனிந்திருந்தாள். புனிதாவின் கை அவள் கைக்குள் இருந்தது.

"ஒரு படத்து மேல இன்னொரு படம் விழுந்திருக்கு," என்று சீதாவிடம் சொன்னேன்.

"புது ஃபிலிம்தானே போட்டீங்க?"

ஃபிலிம் வந்த டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அப்போதே அதைத் தலையைச் சுற்றித் தூக்கி எறிந்திருக்க வேண்டும், அந்தக் கேமராவை. ஆனால் கேமராவில் கோளாறு என்றால் என்னவென்று பார்க்காமல் விடுகிற ஜாதி இல்லை நான். அடுத்த ஞாயிறு, புனிதாவை மடியில் வைத்துக்கொண்டு நடு வீட்டில் நாற்காலியில் உட்காரும்படி சீதாவிடம் சொன்னேன். மூடியைத் திறந்து குனிந்து கண்ணாடியைப் பார்த்தேன்.

நாற்காலியில் கொண்டைக்காரி உட்கார்ந்திருந்தாள். மடியில் புனிதா.

தலையை நிமிர்த்தினேன். சீதா. குனிந்தேன். அவள். கண்ணாடியின் ஓரத்தில், பாதி உடம்பு வெளியே தள்ளப்பட்டு, சீதா நின்றுகொண்டிருந்தாள்.

என் விரல் தானாகவே விசையை அழுத்தியது. அந்தப் படத்தைக் கழுவியபோது கொண்டைக்காரியும் குழந்தையும் அழகாக விழுந்திருந்தார்கள். சீதாவில் மிச்சம் இருந்தது ஒரு கை. படத்தின் விளிம்பிலிருந்து நீண்டு, புனிதாவின் தோளை எட்டாமல் நின்ற கை.

வீட்டுக்குள்ளும் அப்படியே நடந்தது. அம்மா ஊட்டாமல் ஒரு வாய் இறங்காத பிள்ளை, சீதாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்துக் குசுகுசுத்தாள். ஒரு நாள் சீதா சீப்போடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தபோது, புனிதா பெரிய மனுஷி மாதிரி, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"நீங்க கொஞ்சம் நகருங்க."

சீதா எழுந்து போய் அடுப்படியில் அழுதாள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பிறகு அழுகையை நிறுத்திவிட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள். ஃபேன் போடட்டுமா என்று என்னைக் கேட்டாள். அவள் வீட்டு ஃபேனுக்கு என்னிடம் அனுமதி. அன்றைக்குத்தான் பண்டமாரான் குழாயடியில் நின்ற தனலெட்சுமியின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு, போட்ட சட்டையோடு கிள்ளானுக்குக் கிளம்பினேன்.

நாகையா வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே குளிர் இல்லை. நெத்திலி சம்பல் வறுக்கிற வாசனை தெருவரை வந்தது. வாசு கன்னத்தில் சதை போட்டு, முற்றத்தில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான். தனலெட்சுமி வாசலுக்கு வந்து, என் பையைப் பார்த்து, பையனைத் தரதரவென்று உள்ளே இழுத்துக்கொண்டாள்.

நாகையா வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

"தெரிஞ்சேதான் குடுத்தியா?"

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து நீட்டினான். புல்வெளி, பிரம்பு நாற்காலி, ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. அதன் தோளில், விளிம்பிலிருந்து நீண்ட கறுத்த கை. கை நிறையக் கண்ணாடி வளையல்.

"கேமராவுக்குள்ள ஃபிலிம் இருந்துச்சு. எல்லாப் படத்துலயும் இந்தக் கைதான். தொரை வீட்டு ஆயாவா இருக்கணும். புள்ளையைப் பிடிச்சு நிப்பாட்டுவா. எடுக்கிறப்ப நகரச் சொல்லிடுவாங்க. ஒருத்தராச்சும் வந்து நில்லுன்னு கூப்பிட்டிருக்க மாட்டாங்க."

"நீ கூப்பிட்ட."

"தெரியாம கூப்பிட்டேன்டா. நாங்களும் மூணு பேருதானே."

"நீ தெரியாம கூப்பிட்ட. என்னைத் தெரிஞ்சே கூப்பிட வச்சியே?"

"தனம் என் புள்ளைக்கு யாரோ ஆயிட்டா. எனக்கே யாரோ ஆயிட்டா. வேற வீட்டுல கூப்பிட்டாத்தான் அவ போவா. நான் சொன்னதை நம்பி, காலியா இருக்கிற இடத்தைப் பார்த்து எவன்டா கூப்பிடுவான்? உன்னை விட்டா யாரு இருக்கா எனக்கு?"

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்கள். அறுத்தது வலிக்கவில்லை. நம்பினதுதான் வலித்தது. நான் நம்புவேன் என்று தெரிந்து, அந்த நம்பிக்கையை அளந்து பார்த்து, அதில் கத்தி வைத்திருக்கிறான். அவனை அடிக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

"இப்ப நீ கூப்பிடு," என்றேன். "ஒரே ஒரு படம். திரும்பக் கூப்பிட்டுக்க. சீதா உனக்குத் தங்கச்சிடா."

உள்ளே ஜன்னல் சாத்தப்பட்டது. பலகைக்குப் பின்னாலிருந்து தனலெட்சுமியின் குரல் தழுதழுத்தது. "அண்ணே, தயவு செஞ்சு அதை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

நாகையா என் காதருகே வந்தான். பாசார் காராட்டில் நல்ல சரக்கு எங்கே கிடக்கிறது என்று சொல்வானே, அதே தாழ்ந்த குரல்.

"நீயும் மூணு பேர் இருக்கிற வீடாப் பாரு ரெங்கா."

அவன் வாசலில் காறித் துப்பிவிட்டு நடந்தேன்.

கிள்ளான் பாலத்தில் நின்று கேமராவைப் பையோடு ஆற்றில் எறிந்தேன். இன்னொருத்தன் வீட்டில் இதைக் கொண்டுபோய் வைக்க நான் நாகையா இல்லை. பழுப்புத் தண்ணீர் அதை உடனே விழுங்கிவிட்டது. மனசு லேசாகத்தான் இருந்தது. ரயிலில் பாதி வழி வந்தபிறகுதான் உறைத்தது. வேறு வீட்டில் கூப்பிட்டால்தான் அவள் போவாள் என்றான். கூப்பிடுவதற்கு இருந்த ஒரே வழியை நானே தண்ணீரில் போட்டுவிட்டேன்.

ஸ்டேஷனிலிருந்து ஓடினேன். சாயங்காலத் தூறல். எங்கள் வீட்டு முன் படியில், மூடிய கதவுக்கு வெளியே, சீதா உட்கார்ந்திருந்தாள். தலை நனைந்திருந்தது. மடியில் ஒரு துணி மூட்டை.

என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"பாப்பா சாப்பிட்டிருச்சுங்க ஐயா. வேலையெல்லாம் முடிஞ்சிருச்சு. நான் கிளம்பட்டுங்களா?"

"சீதா."

யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

அவள் கையைப் பிடித்தேன். சுட்டதுபோல உதறிக்கொண்டு, பயந்துபோய்க் கதவைப் பார்த்தாள். "விடுங்க ஐயா. உள்ள அம்மா பார்த்தா தப்பா நினைப்பாங்க."

உள்ளே கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. ரசம் தாளிக்கிற வாசனை வந்தது. புனிதா எதற்கோ கலகலவென்று சிரித்தாள், எத்தனையோ நாளைக்குப் பிறகு. பிறகு வளையல் சத்தம் கதவை நோக்கி வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு குரல் என்னைக் கூப்பிட்டது. கல்யாணமான நாளிலிருந்து தினமும் நான் கேட்கிற, சீதாவின் குரல்.

"என்னங்க, வாசல்ல யார்கிட்ட பேசிக்கிட்டு இருக்கீங்க?"