பன்னிரண்டாவது அளவு

மலை உச்சியில் செங்கோணம் கிடையாது. யாழ்ப்பாணத்தில் நில அளவைத் திணைக்களத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்த தில்லையம்பலத்துக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த நவம்பர் சனிக்கிழமை பின்னேரம், குடிபெயர்ந்து வந்த ஸ்ட்ரெதம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், செப்டெம்பரில் ஓமான் பாலைவன மலையொன்றில் எடுத்த அளவுகளைத் தாளில் கோடுகளாகப் போட்டுக்கொண்டு வந்தபோது, மூன்றாவது கோடு அளவெடுத்துத் தைத்ததுபோலச் செங்கோணத்தில் திரும்பியது. நான்காவதும் அப்படித்தான். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

சமையலறையில் மனைவி நிர்மலா மிளகாய் பொரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காரத்தையும் மீறி, விரித்து வைத்த குறிப்புப் புத்தகத்திலிருந்து சுட்ட கல்லின் வாடை வந்தது. பக்கங்களுக்கிடையே இன்னும் மணல்.

எழுபது வருடத்துக்கு முன் ஆங்கிலேய அளவையாளர்கள் பாறையில் பதித்துவிட்டுப் போன செப்புக் குறிகளைத் தேடித்தான் அவரும் அருட்பிரகாசமும் அந்த மலைக்குப் போனார்கள். அருள் அண்ணை மன்னார்க்காரர், திணைக்களத்தில் அவருக்கு மூத்தவர், இப்போது அதே நகரில் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் கடை வைத்திருக்கிறார். வயதுபோன காலத்தில் இதென்ன கூத்து என்று நிர்மலா சிரித்தாள். முதல் குறி அடிவாரத்தில் கிடைத்தது. இரண்டாவது பாதி வழியில். மூன்றாவது உச்சியில், ஒரு கற்குவியலுக்குப் பக்கத்தில். அங்கே காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. தில்லையம்பலம் குவியலின் மறைவில் குந்தி, தலையைத் துவாயால் மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். பழைய நாளில்போலவே பின்னாலிருந்து, குவியலைச் சுற்றி அளவெடுத்துச் சொல்லும் குரல் வந்தது. திசை இவ்வளவு, தூரம் இவ்வளவு. அவர் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதினார். சொல்பவர் சொல்ல, எழுதுபவர் திருப்பிச் சொல்லவேண்டும். திருப்பிச் சொல்லாத அளவு புத்தகத்தில் ஏறாது, அது அளவே இல்லை. பதினொரு அளவு ஏறியது. பன்னிரண்டாவதைக் காற்று கொண்டுபோய்விட்டது. போதும் என்று புத்தகத்தை மூடிவிட்டு இறங்கினார்.

பென்சிலை வைத்துவிட்டு அருள் அண்ணைக்குப் போன் அடித்தார்.

"அண்ணை, உச்சியில நீங்கள் சொன்ன அளவுகள் பிழைபோல கிடக்கு."

"நான் சொன்னதோ? என்ன விசர்க்கதை கதைக்கிறாய். நான் எங்கை மேல வந்தனான்? ரெண்டாவது குறியடியிலயே கால் பிடிச்சுப்போட்டுதெல்லே. நீ இறங்கி வருமட்டும் அதிலதானே கிடந்தனான்."

அவரை இரண்டாவது குறியடியில்தான் கண்டது உண்மை. தனக்கு முன் இறங்கிவிட்டார் என்றுதான் தில்லையம்பலம் நினைத்திருந்தார்.

"அப்ப ஆர் அண்ணை அளவு சொன்னது?"

"காத்தோட உன்ர குரல்தான் கேட்டுது. ஒவ்வொரு இலக்கமாச் சொன்னாய். நீயே அளந்து நீயே சொல்லி எழுதுறாய் எண்டு நினைச்சன்." அருள் அண்ணை தொடர்ந்தார். "வேற ஒருத்தற்ர குரலும் கேக்கேல்லை, தில்லை."

பொய். தில்லையம்பலம் போனைப் பட்டென்று வைத்தார். இந்த மனுசன் அந்தக் காலத்திலேயே புதிதாக வருகிறவர்களை இப்படித்தான் வெருட்டுவார். கோபத்தோடு மிச்சக் கோடுகளையும் போட்டு முடித்துவிட்டுத் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தபோது, அது மலையே இல்லை.

வாசல் கதவு. உள்ளே போகும் நடை. முன்னறை, அதன் யன்னல். திரும்ப நடை. மாடிப்படியின் அடி. பதினோராவது கோடு சமையலறைக் கதவில் போய் நின்றது. அவருடைய வீடு.

சரிதான். போன கோடையில் கார்ப்பெட் போட அருள் அண்ணைதான் கூட வந்து வீட்டை அளந்தார். அந்த இலக்கங்களை மனதில் வைத்திருந்து மலையில் சொல்லியிருக்கிறார். கள்ள மனுசன். கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும். தில்லையம்பலம் மேசை லாச்சியிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

"நிர்மலா, ஒருக்கா வந்து இந்த நுனியைப் பிடி. நான் சொல்லுறதைத் திருப்பிச் சொல்லு. சொல்லாட்டி எழுதமாட்டன்."

"கலியாணம் கட்டின நாளில இருந்து நீங்கள் சொல்லுறதைத்தானே திருப்பிச் சொல்லுறன்," என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அளந்தார்கள். அவர் சொன்னார், அவள் சொன்னாள். வாசலிலிருந்து நடை, சரி. முன்னறை, சரி. யன்னல், சரி. ஒரு சென்ரிமீற்றர்கூடப் பிசகவில்லை. வெளியே நாலரைக்கே இருட்டிவிட்டது. கடைசியாக அவள் மாடிப்படியின் அடியில் நுனி வளையத்தைப் பிடித்திருக்க, அவர் சமையலறைக் கதவடியில் நின்று மீற்றர்க் கணக்கில் வாசித்தார்.

"மூன்று தசம் ஏழு."

"மூன்று தசம் ஏழு. கறி பத்தப்போகுது, நான் போறன்." வளையத்தைத் தரையில் போட்டுவிட்டு அவரைக் கடந்து உள்ளே போனாள்.

மூன்று தசம் ஏழு. புத்தகத்திலும் அதேதான். சிரிக்க வாய் திறந்தவர் கதவு நிலையைப் பார்த்தார். நிலையில் இன்னும் புதுப் பெயின்ற் மணம். பழைய கதவு ஒரு மீற்றர் தள்ளி இருந்தது. அதை இடம் மாற்றியது போன கிழமை.

மலைக்குப் போனது செப்டெம்பரில்.

கோடுகள் வாசலால் வந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்து, இந்தக் கதவில் நிற்கின்றன. அவர் நிற்கும் இடத்தில். பன்னிரண்டாவது இன்னும் ஏறவில்லை.

"நிர்மலா, அடுப்பை நிப்பாட்டு. வெளிக்கிடு. இப்பவே அருள் அண்ணை வீட்டை போவம்."

"இந்த நேரத்திலயோ? சட்டியைக் கழுவிப்போட்டு வாறன்." தண்ணீர்க் குழாய் திறந்தது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

சுட்ட கல்லின் வாடை. புத்தகத்திலிருந்து அல்ல. நடையிலிருந்து.

"பன்னிரண்டு," என்றது ஒரு குரல்.

அருள் அண்ணையின் குரல். இல்லை. தன்னுடைய குரல். அவசரமில்லாத, வேலைசெய்யும் குரல்.

"தூரம் ரெண்டு தசம் நாலு."

நாக்கு தானாக எழும்பியது. பதினெட்டு வருடப் பழக்கம். கையால் வாயைப் பொத்தினார். பல் உதட்டைக் கிழித்தது. சொல்லக்கூடாது. சொன்னால் ஏறிவிடும். கதவிலிருந்து இரண்டு தசம் நாலு. கண் தானாக அளந்தது. கழுவுதொட்டி. நிர்மலா.

சொல்லவில்லை. அவர் சொல்லவேயில்லை.

"ரெண்டு தசம் நாலு," என்றாள் நிர்மலா, திரும்பாமலே. "சரியோ?"

"சரி," என்றது குரல்.

மற்றக் கையிலிருந்த நாடா அசைந்தது. தரையில் கிடந்த வளையம் நடையிலிருந்து ஊர்ந்து வந்தது. அவர் காலைத் தாண்டியது. உள்ளே போனது. கத்த நினைத்தார். தொண்டை முழுக்க மணல்.

இரண்டு தசம் நாலில் நாடா இறுகி நின்றது.

"இன்னும் எத்தினை கிடக்கு?" என்று கேட்டபடி நிர்மலா சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். வளையம் அவளுடைய குதிக்காலடியிலிருந்து எழும்பியது. முழங்கால். இடுப்பு. ஒரு ஆள் கையில் பிடித்திருக்கும் உயரத்துக்கு வந்து, அவளுடைய கழுத்துக்குப் பின்னால், ஆடாமல் நின்றது.