பழைய மைக்கின் இரைச்சல்

அவள் மூச்சு வாங்காத இடத்தில் ஒரு மூச்சு கேட்டது.

பாட்டின் இரண்டாவது அடியை ஒரே தம்மில் பாடி, கடைசியில் வரும் ‘விட மாட்டேன்’ என்ற சொல்லில் கொண்டுபோய் இடிப்பதுதான் அவள் வழக்கம். பதிவில் அந்தச் சொல்லுக்குச் சற்று முன்னால், அவள் குரலுக்கு அடியில், யாரோ நிதானமாக வாய் திறந்து காற்றை உள்ளே இழுத்தார்கள்.

“கேட்டியா?” என்றாள்.

“பழைய மைக். அப்படித்தான் இரையும்,” என்றான் அண்ணன், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டிலேயே பதிவு செய்யலாம் என்று பேச்சு வந்த நாளிலிருந்து தூக்கம் கெட்டுத் தேடி, அவள் முடிவு செய்து வைத்திருந்தாள். மினுக்குகிற சாமான் எதுவும் வேண்டாம். புதிதாக ஒரு சாதாரண மைக், அதை லேப்டாப்போடு இணைக்கிற சின்னப் பெட்டி, காதை இறுக மூடுகிற ஹெட்போன், அவ்வளவு போதும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போன அண்ணன், வீட்டைக் காலி செய்கிற யாரோ ஒருவரிடம் பழைய சாமானைப் பாதி விலைக்கு மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்து நின்றான். கிட்டார் அவனுடையது, குழு அவனுடையது, அதனால் முடிவும் அவனுடையது. குரல் மட்டும் அவளுடையது. குரலை யார் கருத்துக் கேட்கிறார்கள்?

“விக்கிறவரோட மனைவி பாடுவாங்களாம். இப்ப பாடறதில்லையாம்,” என்று அன்றைக்கு அவன் சொல்லியிருந்தான். “ரொம்ப சாது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. நீயும் இருக்கியே.”

நாளைக் காலைக்குள் பதிவை அனுப்ப வேண்டும். பாட்டு வெளியிடும் நிறுவனம் ஒன்று கேட்டிருந்தது. அவள் எழுதி, அவளே மெட்டமைத்து, அவள் குரலில் வெளியே போகப்போகிற முதல் பாட்டு. இது கெட்டால் அண்ணனுக்கு இன்னொரு பாட்டு இருக்கிறது. அவளுக்கு இல்லை.

“இரைச்சலை எடுத்துடலாம்,” என்றான். “நீ உள்ள போய் வாயைத் திறக்காம நில்லு. அந்த மௌனத்தைப் பதிவு பண்ணிக் காட்டினா, அதுல என்னென்ன சத்தம் இருக்கோ அதையெல்லாம் பாட்டிலிருந்து மென்பொருளே நீக்கிடும்.”

உள்ளே என்றால் படுக்கையறைச் சுவர் அலமாரிக்குள். சுவருக்குப் பஞ்சு ஒட்டக் காசில்லாததால், தட்டுகளைக் கழற்றிவிட்டு, தொங்குகிற துணிகளுக்கு நடுவில் மைக்கை நிறுத்தியிருந்தார்கள். கதவு சரியாகச் சாத்தாமல் கிடுகிடுவென்று ஆடும் என்பதால் அண்ணன் வெளியே கொண்டியைப் போட்டுவிடுவான். அந்துருண்டை நெடியும் வியர்வை காய்ந்த கம்பளியின் வாடையும் கலந்த இருட்டில் அவள் அசையாமல் நின்றாள். பிறகு அவன் திறந்துவிட, இருவரும் சுத்தம் செய்த பாட்டைக் கேட்டார்கள்.

கிட்டார் இருந்தது. டிரம்ஸ் இருந்தது. அவள் குரல் இல்லை.

“மௌனமா நில்லுன்னா பாடியிருக்கே நீ,” என்றான்.

“நான் வாயே திறக்கல.”

“அப்ப இது யாரு?”

அந்த மௌனத்தை மட்டும் சத்தத்தைக் கூட்டி ஓடவிட்டான். கரகரப்புக்கு அடியில், துணிகளுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல், அவள் குரல் பாடிக்கொண்டிருந்தது. முழுப் பாட்டும். ‘விட மாட்டேன்’ என்பதற்கு முன்னால் நின்று, மூச்சு வாங்கி, கெஞ்சுகிற மாதிரி மெதுவாக அந்தச் சொல்லைச் சொன்னது.

“இப்படிப் பாடுன்னுதானே நான் தலைகீழா நின்னேன்,” என்றான் அண்ணன். “கத்தாம, அழகா.”

அவளுக்குப் பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. அது நானில்லை என்று இவனுக்குத் தெரியவில்லையே. கூடப் பிறந்தவனுக்கே தெரியவில்லையே.

“இன்னொரு தடவை எடு,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “நான் பாடலன்னு காட்டறேன்.”

உள்ளே போனாள். கொண்டி விழுந்தது. உதட்டைக் கையால் அழுத்திப் பொத்திக்கொண்டாள். ஹெட்போனில் முதலில் இரைச்சல் மட்டும், பிறகு துணிகள் கம்பியில் மெல்ல நகரும் சத்தம். அவள் எதையும் தொடவில்லை. கழுத்துக்குப் பின்னால் காற்று உள்ளே இழுபட்டது. அவளுடைய கழுத்து முடி அதோடு சேர்ந்து பின்னால் போனது.

பிறகு ஒன்றுமில்லை.

அண்ணன் அவளோடு பேசுவதற்காக வைத்திருந்த லேப்டாப் மைக் திறந்தே இருந்தது போலும். வெளியே நாற்காலி கிறீச்சிட்டது ஹெட்போனில் கேட்டது.

“முடிஞ்சுதாண்ணா?”

அவள் குரல். வெளியே.

“ஏய், எப்ப வந்தே? கொண்டி போட்டிருந்தேனே.”

“நீதானேண்ணா திறந்துவிட்டே.”

“அப்படியா?” சிரித்தான். “மறதி. கோபம் போயிடுச்சா?”

“எனக்கென்ன கோபம். நீ சொன்னா சரிதான்.”

“அண்ணா!” என்று அலறினாள். “அது நானில்ல! கதவைத் திற!”

“உள்ள ஏதோ இரையுது பாரு,” என்றான்.

“பழைய மைக்தானேண்ணா. எடுத்துடலாம்.”

லேப்டாப்பில் ஒரு சொடுக்கு. அவள் அலறல் பாதியாகக் குறைந்தது. தொண்டை அதே வேகத்தில்தான் கிழிந்துகொண்டிருந்தது.

“இன்னும் கொஞ்சம்,” என்றது வெளியே நின்ற குரல்.

இன்னொரு சொடுக்கு.

கத்தினாள். வரவில்லை. கதவை இரண்டு கையாலும் குத்தினாள். தோல் உரிந்தது. பலகை அதிர்வது கையில் தெரிந்தது. சத்தம் இல்லை. காலால் உதைத்தாள். இல்லை.

கதவிடுக்கில் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்தது. அதில் அவளுடைய செருப்பு நடந்து வந்து நின்றது. கொண்டி சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு கை அழுத்திப் பார்த்தது.

“அப்பாடா,” என்றான் அண்ணன் ஹெட்போனில். “இப்பதான் வீடே அமைதியா இருக்கு.”