கோச் வீட்டுப் பெருநாள்

நோன்பு மாதத்தில் கோபப்பட்டால் நன்மையெல்லாம் போய்விடும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவர் ருக்கையா. ஆனால் அன்று காலை, அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பெரிய ஃபிளாஸ்க்கைக் கண்டெடுத்ததும், நன்மையாவது ஒன்றாவது என்று ஆகிவிட்டது அவருக்கு.

“முனீரா! இங்க வா!”

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மருமகள் ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

“இது என்ன?”

“ஃபிளாஸ்க், மாமி...”

“ஃபிளாஸ்க்குன்னு எனக்குத் தெரியாதா? உள்ள நேத்து காய்ச்சின கஞ்சி வாசம் அடிக்குது! தினமும் சாயங்காலம் பானையில பாதி காணோம். நோன்பு திறக்கற நேரத்துல உன்னையும் காணோம். எங்க போற? இந்த வீட்டுக் கஞ்சி எந்த வீட்டுக்குப் போகுது?”

முனீரா தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு பொய் சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் நோன்பை வைத்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது? உண்மையைச் சொல்லவும் வழியில்லை, கணவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். 

“வேற எங்க உம்மா? செம்பவாங்குக்குத்தான்” என்றாள் நாத்தனார் அஃப்னா. நோன்பு மாதம் முழுக்கத் தாய்வீட்டில் இருக்க வந்திருப்பவள். “மதினியோட உம்மா வீடு அங்கதானே இருக்கு? ஹாட்டா ஹோம் டெலிவரி!”

“கேட்டா நான் குடுக்க மாட்டேனா?” என்றார் ருக்கையா. “சம்பந்தி வீட்டுக்கு ஒரு பானையே அனுப்பியிருப்பேனே! ஒளிச்சு வெச்சுக் கொண்டு போறியே... அதுதான் வயிறு எரியுது. என் புள்ள எப்படிச் சிரிப்பான் தெரியுமா? நாலு வீட்டுக்குக் கேக்கும். நீ வந்த நாள்லேருந்து அந்தச் சத்தமே இல்ல. இப்ப வீட்டுல ஒளிவுமறைவு வேற! பெருநாள் முடியட்டும். நீ செம்பவாங்குலயே போய் இருந்துக்க. ரிஸ்வான்கிட்ட நான் பேசிக்கறேன்.”

கூடத்தில் மாமனார் ஜமால் முகம்மது செய்தித்தாளை முகத்துக்கு இன்னும் நெருக்கமாக உயர்த்திக்கொண்டார். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்து எத்தனையோ வாடிக்கையாளர்களைச் சமாளித்த மனிதர், மனைவியின் சண்டையில் மட்டும் தலையிடுவதில்லை என்று கொள்கை வைத்திருந்தார்.

உண்மை என்னவென்றால், கஞ்சி செம்பவாங்குக்குப் போகவே இல்லை.

ரிஸ்வான் ஒரு காலத்தில் தன் ஜூனியர் காலேஜின் கூடைப்பந்துக் கேப்டன். பந்தும் கையுமாகத் திரிந்ததில் ஏ லெவல் பரீட்சையில் மதிப்பெண் சரிந்தது. முடிவு வந்த அன்று ருக்கையா அழுதார், கத்தினார், கடைசியில் மகனுடைய பந்தை அரிவாள்மணையில் வைத்து இரண்டாகப் பிளந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கூடைப்பந்து என்ற சொல்லையே யாரும் எடுத்ததில்லை. ரிஸ்வான் மறுபடி படித்தான், கப்பல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான், நல்ல பிள்ளையாக இருந்தான். முனீராவைக் கட்டும்போதே அவன் அதிகம் பேசாதவன்தான்.

இந்த வருடம் அதே காலேஜிலிருந்து அழைப்பு வந்தது. பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், வேலை முடிந்த பிறகு வந்தால் போதும் என்றார்கள். “டோர்னமென்ட் முடியட்டும் முனீரா, உம்மாகிட்ட நானே சொல்றேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே” என்று கெஞ்சினான். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லி வைத்திருந்தான். அந்தப் பொய்யையும் நோன்பு தொடங்குவதற்கு முன்பே சொல்லி முடித்துவிட்டான், புத்திசாலி!

நோன்பு வந்தபோது சிக்கலும் வந்தது. அணியில் நோன்பு வைக்கும் பெண்கள் இருந்தார்கள். பயிற்சி முடிவதற்குள் நோன்பு திறக்கும் மஃரிப் நேரம் வந்துவிடும். பிஸ்கட்டும் தண்ணீருமாக நோன்பு திறந்தார்கள் என்று கேள்விப்பட்டதும் முனீராவுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளே ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அன்றும் மாமி கண்ணில் படாமல் ஃபிளாஸ்க்கோடு போனாள். காலையில் வாங்கிய திட்டு நெஞ்சுக்குள் கனத்தது. ஆனால் மைதானத்துக்குள் காலை வைத்ததும் அவளுக்கு எல்லாம் லேசானது. “டிஃபென்ஸ்! டிஃபென்ஸ்! கால் தூங்குதா?” என்று விசிலோடு ரிஸ்வான் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தான். ஒரு பெண் பந்தை வளையத்துக்குப் போடுவதற்குப் பதில் அவன் தலையிலேயே போட்டாள். மைதானமே அதிரச் சிரித்தான். இந்தச் சிரிப்பைத்தான் மாமி தேடுகிறார் என்று முனீராவுக்குத் தெரியும். காலையில் நடந்ததைச் சொன்னால் இந்த மனிதர் இன்றைக்கே விசிலைக் கழற்றி வைத்துவிடுவார் என்பதும் தெரியும்.

“ஆன்ட்டி, கண்ணு ஏன் சிவந்திருக்கு?” என்று கேட்டாள் அணியின் கேப்டன் ஜெனிவீவ். குவீன்ஸ்டவுன் தமிழ்ப் பெண், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கும் விளையாட்டுக் காலணியோடு போகிறவள்.

“அப்புறம் சொல்றேன் மா. முதல்ல குடி. சூடா இருக்கு.”

கைபேசியில் பாங்கு ஒலித்தது. நோன்பு வைத்தவர்கள் பேரீச்சம்பழத்தைக் கடித்தார்கள். வைக்காதவர்களும் வரிசையில் நின்று கஞ்சி வாங்கினார்கள். ரிஸ்வான் தொழப் போயிருந்தான். கிளம்பும்போது முனீராவின் வாய், பழக்கதோஷத்தில், “பெருநாளைக்கு எல்லாரும் கண்டிப்பா வீட்டுக்கு வரணும் லா!” என்றது. அதோடு நிற்காமல் ஜாலான் புசார் வீட்டின் பிளாக் நம்பரையும் மாடியையும் சேர்த்துச் சொல்லி வைத்தது. ரயில் ஏறுவதற்குள் அவளே அதை மறந்துபோனாள். சிங்கப்பூரில் பெருநாளைக்கு வாங்க என்று எல்லாரும் எல்லாரையும்தான் அழைக்கிறார்கள்.

பெருநாள் வந்தது. தொழுகை முடிந்து வந்த உறவுக்காரர்கள் கூடத்தை நிறைத்திருந்தார்கள். முனீரா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அறையில் அவளுடைய பை பாதி அடுக்கியபடி இருந்தது. நாளைக்குச் செம்பவாங். அவருடைய அணியின் ஃபைனல் முடிந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளலாம், அதுவரை உம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று... அடடா, நோன்பு முடிந்ததும் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது!

மணி அடித்தது. ருக்கையா கதவைத் திறந்தார். வாசலில் ஒரு படையே நின்றது. நெட்டை நெட்டையாகப் பெண்கள், மலாய் பாஜு கூரோங் உடையில் சிலர், சுடிதாரில் சிலர், எல்லார் தோளிலும் ஒரே மாதிரிப் பச்சை விளையாட்டு ஜாக்கெட்.

“செலாமட் ஹரி ராயா!” என்று மலாயில் பெருநாள் வாழ்த்துச் சொன்னார்கள். “கோச் ரிஸ்வான் வீடுதானே?”

“கோச்சா?” என்றார் ருக்கையா. “என்ன கோச்?”

சமையலறையில் முனீராவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

“பாஸ்கெட்பால் கோச்! பாட்டிமா, நீங்கதான் அந்தக் கஞ்சிப் பாட்டிமாவா?” ஜெனிவீவ் முன்னால் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆன்ட்டி தினமும் தூக்கிட்டு வருவாங்க. சூப்பரா இருக்குன்னு சொன்னா, ‘இது என் மாமி சொல்லிக்குடுத்த பக்குவம், நான் வெறும் கரண்டிதான்’னு சொல்வாங்க. ஆன்ட்டி பெருநாளைக்குக் கூப்பிட்டாங்க, உங்களைப் பார்க்கணும்னு எல்லாரும் வந்துட்டோம்!”

“அப்ப... கஞ்சி செம்பவாங்குக்குப் போகலையா?” என்றாள் அஃப்னா, மெல்லிய குரலில்.

உறவுக்காரர்களுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்த ரிஸ்வான் அப்படியே நின்றான். “செம்பவாங்கா? யார் சொன்னா?” அவன் தங்கையைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், சமையலறை வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் மனைவியைப் பார்த்தான். திறந்திருந்த அறைக் கதவு வழியே பையையும் பார்த்தான்.

“முனீரா... உன்னைப் போகச் சொன்னாங்களா? எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

“சொன்னா நீங்க அன்னைக்கே எல்லாத்தையும் விட்டுட்டு வந்திருப்பீங்க மச்சான். அடுத்த வாரம் ஃபைனல்... அந்தப் புள்ளைங்க என்ன பாவம் பண்ணாங்க?” என்றாள் முனீரா.

“உம்மா, நான்தான் சொல்ல வேண்டாம்னேன்” என்றான் ரிஸ்வான். “அவ மேல எந்தத் தப்பும் இல்ல. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா இன்னிக்கே நிறுத்திடறேன்.”

“நோ லா, கோச்!” என்று அலறியது பச்சைப் படை. நிலைமை புரியாத ஒரு சீனப் பெண் பின்னாலிருந்து, “கால் தூங்குதா? கால் தூங்குதா?” என்று தனக்குத் தெரிந்த ஒரே தமிழில் அவனைப் போலவே கத்திக் காட்டினாள். கண்ணில் நீர் நிற்கும்போதே ரிஸ்வானுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாலு வீட்டுக்குக் கேட்கும் சிரிப்பு.

ருக்கையா மகனையே பார்த்தபடி நின்றார். அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

“எவ்வளவு வருஷம் ஆச்சு இதைக் கேட்டு...” என்றார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். “உன்னைச் சொன்னேனே முனீரா! நீ வந்துதான் இவன் சிரிப்பு போச்சுன்னு வர்றவங்ககிட்டயெல்லாம் சொன்னேனே... அதைப் பறிச்சது நான். பெத்தவ நான்! நீ வாயைத் திறக்காம அதைத் திருப்பிக் கொண்டு வந்திருக்க.”

“அப்படிச் சொல்லாதீங்க மாமி...”

பெருநாள் அன்று சிறியவர்கள்தான் பெரியவர்கள் கையைப் பிடித்து ‘மாஃப்’ என்று மன்னிப்புக் கேட்பார்கள். பெரியவர் சிறியவரிடம் கேட்டு அந்தக் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. ருக்கையா அத்தனை உறவுக்கும் நடுவே மருமகளின் மசாலாக் கைகளை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். “மாஃப் பண்ணிடு மா” என்றார். முனீரா ஓவென்று அழுது அவர் தோளில் சாய்ந்தாள். ஜமால் முகம்மது அன்று மறைந்துகொள்ளச் செய்தித்தாள் இல்லாமல் கைக்குட்டையைத் தேடினார்.

“சரி சரி, புள்ளைங்க வாசல்லயே நிக்குது!” என்று ருக்கையாதான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அஃப்னா, பிரியாணியை எடு. தின்னுட்டு மட்டும் போனா விட மாட்டேன், எந்த நாள் ஃபைனல்னு சொல்லிட்டுத்தான் போகணும். நானும் வரேன்!”

கூடம் முழுக்கத் தட்டுகள் பறந்தன. ரிஸ்வான் அறைக்குப் போய்ப் பையிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தான். அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்த ருக்கையாவின் தம்பி, தரையில் இடமில்லாமல் உட்கார்ந்திருந்த பச்சை ஜாக்கெட்டுகளைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

“என்ன லாத்தா இது? யார் இவங்கெல்லாம்?”

ருக்கையா ஒரு பெண்ணின் தட்டில் இன்னொரு கரண்டி தாளிச்சாவை ஊற்றிவிட்டு நிமிர்ந்தார்.

“இவங்களா? இது என் மருமக வீடு. அவ கூப்பிட்ட விருந்தாளிங்க” என்றார்.