பூஞ்சை பிடித்த ஃபிளாப்பிகள்

பழைய ஃபிளாப்பிகளில் மாட்டிக்கொண்ட கோப்புகளை மீட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. செத்த பாம்பை அடித்துச் சம்பாதிக்கிறவள் என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். நானும் சிரித்துக்கொள்வேன்.

அன்று மதியம் நான் போன வீட்டில் கதவைத் திறந்தவர் ஒரு வயதான தையல்காரர். உள்ளே ஈரவாடை முகத்தில் அடித்தது. மழை ஒழுகிய சுவரை ஒட்டி அவர் தங்கையின் அறை. மேசையில் அவள் பயன்படுத்திய கணினியும் ஒரு பெட்டி நிறைய ஃபிளாப்பிகளும் இருந்தன.

தங்கைக்குத் தொண்டையில் புற்று. அறுவைக்குப் பிறகு குரல் இருக்காது என்று மருத்துவர் சொன்னதும், அவள் தன் பேச்சைப் பதிந்து வைக்க ஆரம்பித்திருக்கிறாள். ஒரு ஃபிளாப்பியில் ஓரிரு நிமிடப் பேச்சுதான் கொள்ளும். அவள் போய்ப் பல வருடமாகியும் கேட்க இவருக்குத் தைரியம் வரவில்லை. இப்போது அவள் குரலே மறந்துவிட்டதாம். ஒரே ஒரு தடவை 'அண்ணா' என்று கூப்பிடுவதைக் கேட்டால் போதும் என்றார்.

"நீங்களே போட்டுப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேம்மா. முதல் ஃபிளாப்பி ஓடல. அடுத்ததாவது ஓடும்னு ஒண்ணொண்ணா போட்டுட்டேன்."

ஒன்றை எடுத்து, உலோக மூடியைத் தள்ளி, ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். உள்ளே இருந்த பழுப்புக் காந்தத் தட்டில் வட்டமாக ஒரு கீறல். அதன் வழியே வெளிச்சம் தெரிந்தது. அடுத்ததிலும் அப்படியே. முதல் ஃபிளாப்பியின் பூஞ்சை, கணினியில் தட்டைப் படிக்கும் முனையில் ஒட்டிக்கொண்டு, பின்னால் வந்தவற்றையெல்லாம் சுரண்டிவிட்டது. சுரண்டிய குரல் திரும்பாது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை, நடந்ததை மட்டும் சொன்னேன்.

"அவ கழுத்த நானே அறுத்துட்டேனா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அதைப் போட மட்டும் கை வராமல் சட்டைப்பையில் வைத்திருந்தார். என் கருவியின் முனையை நன்றாகத் துடைத்தேன். எதுவும் மேலே எழுதப்படாதபடி ஃபிளாப்பியின் பூட்டுத் துளையைத் திறந்துவிட்டேன். முதலில் என் கணினிக்குப் பிரதி எடுத்தேன், பிறகு அந்தப் பிரதியை ஓடவிட்டேன்.

"அண்ணா, நீ தைச்ச சட்டையில கையே நுழையல. நீயே போட்டுக்கோ." கூடவே கலகலவென்று ஒரு சிரிப்பு.

அவர் குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் கண் கலங்கியது. இன்னொரு தடவை போடச் சொன்னார்.

இந்த முறை குரல் கரகரத்தது.

என் ஒலிபெருக்கியில் கோளாறு என்று நினைத்தேன். பிரதி தேயாது. தேய அதில் எதுவும் இல்லை.

மூன்றாம் முறை வார்த்தைகள் பாதிதான் வந்தன. மீதி உரசல்.

"போதும் சார்."

"ஒரே ஒரு தடவம்மா."

போட்டேன். உரசல். நீண்ட மூச்சு. பிறகு மிக மெல்ல ஒரு குரல்.

"வலிக்குதுண்ணா."

அது பதிவில் இல்லாத வார்த்தை.

மின்இணைப்பைப் பிடுங்கினேன். பூஞ்சை வாடை என் நாக்கு வரை ஏறியிருந்தது. ஃபிளாப்பியை வெளியே எடுத்து மூடியைத் தள்ளிப் பார்த்தேன். அதிலும் வட்டம் விழுந்திருந்தது, வெளிச்சம் தெரிந்தது. நானே துடைத்த முனைதான்.

அவர் அதை என்னிடமிருந்து வாங்கி, தன் தொண்டையில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"என்னோடத எடுத்துக்கோம்மா," என்று கிசுகிசுத்தார்.

அவர் அதை என்னிடம் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பயந்துதான் வந்தேன், அதில் வெட்கமில்லை.

சில நாள் கழித்து, ஒரு காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. பிரதியை அழித்துவிடச் சொன்னார், இனி தேவைப்படாதாம். ஒவ்வொரு சொல்லும் கிழிந்து கிழிந்து வந்தது. மருத்துவரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

அவருக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். கலகலவென்று.

"அண்ணா, யாரு போன்ல?"

அவர் பதில் சொல்ல முயன்றார். வெறும் உரசல்தான் வந்தது. அந்த உரசலிலும் அவர் சந்தோஷம் எனக்குத் தெரிந்தது.

"குடுண்ணா," என்றது அந்தத் தெளிவான குரல். "இனிமே நான் பேசிக்கிறேன்."