எட்டு நாள் ஒழுகிய ரேடியேட்டர்

ஆறு மணி நேரம் இருபது நிமிடம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பதுளையிலிருந்து மடுல்சீமைக்குப் புறப்பட்ட கார், பன்னிரண்டு இருபதுக்குத்தான் திரும்பி வந்தது. போய்வர நாலு மணி நேரம் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதே காரை, இன்ஜினை இயக்காமல், இரண்டு பேர் பாறூக்கின் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் புடவைக்கடை மர்ஸூக் முதலாளி. மற்றவன் அவருடைய டிரைவர் சின்னராசா.

"பாறூக், கதவைச் சாத்து" என்றார் மர்ஸூக். "நேத்துப் பத்து மணிக்குப் பசறை ரோட்டுல ஒரு கார் தபால்காரரை இடிச்சிட்டு நிக்காமப் போயிட்டுது. அந்த மனுஷன் இன்னும் கண் முழிக்கல்ல. நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் என்ட காரைப் பார்க்க வாறார். நீ முந்திப் பாரு."

காரின் முன்பக்கத்தில், ரேடியேட்டருக்குக் கீழே, சிவப்பாக வழிந்த கறை. மிதிபலகையிலும் அதே சிவப்பு. சீட்டுக்கு அடியில் சிவந்த துணி ஒன்று.

பாறூக் துணியைத் தூக்கிப் பிடித்தான். "ரத்தமேதான்! நான் அப்பவே நினைச்சேன்."

"எப்ப நினைச்சீங்க? கார் வந்து அஞ்சு நிமிஷம்தானே ஆகுது" என்றது உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

அது பாறூக்கின் மனைவி ஸித்தி ஸுபைதா. பட்டறையும் வீடும் ஒன்று. கோளாறைச் சரிசெய்வது பாறூக்கின் கை. கோளாறு எங்கே என்று சொல்வது திரைக்குப் பின்னால் இருக்கும் காது. இது பதுளையில் கார் வைத்திருந்த சிலருக்குத் தெரியும். மர்ஸூக்குக்கும் தெரியும். அதனால்தான் வந்திருந்தார்.

"தங்கச்சி, நீங்களே கேளுங்க. ரெண்டு மணி நேரம் இருபது நிமிஷம் எங்க நின்டான் எண்டு என்கிட்ட சொல்றான் இல்ல."

சின்னராசா சுவரோரம் கைகட்டி நின்றான். "நான் யாரையும் இடிக்கலீங்க. கார் கொதிச்சிருச்சு. ஆற விட்டேன்."

"எங்க ஆற விட்ட?" என்று கேட்டாள் ஸுபைதா.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இப்படித்தான் தங்கச்சி. எட்டு மாசத்துக்கு முந்தி வேலைக்கு வரக்குள்ள, தனக்கு யாருமே இல்லை எண்டு சொன்னான். மகன் மாதிரித்தான் வச்சிருந்தேன்." மர்ஸூக் திரைப் பக்கம் திரும்பினார். "பொலிஸ் இவனைக் கொண்டு போனா நான் என்ன செய்ய?"

"முன் மட்கார்டைப் பாருங்க" என்றாள் ஸுபைதா.

பாறூக் மண்டியிட்டுத் தடவிப் பார்த்தான். "நசுங்கல்ல. கீறல்கூட இல்ல."

"துணியைத் தாங்க." திரை விலகி ஒரு கை மட்டும் வெளியே வந்தது. அது துணியோடு உள்ளே போனது. "நேத்துக் காலையில பட்ட ரத்தம் இன்னும் சிவப்பாவா இருக்கும்? இறைச்சி வெட்டின பலகை அடுத்த நாள் எப்படி இருக்கு? கறுத்துப் போயிருக்கும். காருக்குக் கீழ மண்ணைத் தொட்டுப் பாருங்க."

"காய்ஞ்சு இருக்கு."

மர்ஸூக் நிமிர்ந்தார். "அது எப்படி? எட்டு நாளா ரேடியேட்டர் ஒழுகுதே. வாசல்ல தினமும் குட்டை. ஈயம் வச்சு ஒட்டணும் எண்டு இவன் ஒவ்வொரு நாளும் சொன்னான். பெருநாள் முடியட்டும் எண்டு நான்தான் தள்ளிப்போட்டேன்."

"அப்ப இடையில ஆரோ அடைச்சிருக்காங்க. இன்ஜின் சூடில்லைதானே? மூடியைத் திறங்க."

பாறூக் திறந்து விரலை விட்டான். தண்ணீர் குழம்பிய மஞ்சள். கீழே குனிந்தவன், ரப்பர்க் குழாய் ரேடியேட்டரோடு சேரும் இடத்தில் சுற்றியிருந்த ஒரு கந்தலை, முடிச்சு குலையாமல் ஓரத்தில் வெட்டியெடுத்துத் திரைக்கு உள்ளே நீட்டினான்.

"சின்னராசா, வந்த பிறகு காரைக் கழுவினியா?" என்று கேட்டாள் ஸுபைதா.

"ஆமாங்க. கறை புடிச்சிருந்துச்சு. சோப்புப் போட்டுத் தேச்சேன்."

உள்ளே கத்தி பலகையில் தட்டும் ஓசை கேட்டது. பிறகு ஒரு தட்டு திரைக்கு அடியில் தள்ளப்பட்டது. அதில் சீட்டுக்கு அடியில் கிடந்த துணி. பாதி சிவப்பு. பிழிந்த எலுமிச்சம்பழப் பாதி கிடந்த பக்கம் பளிச்சென்ற மஞ்சள்.

பாறூக் வாயைப் பிளந்தான்.

"ரத்தத்துக்கு இப்படி நிறம் மாறத் தெரியாது" என்றாள் ஸுபைதா. "சின்னராசா, உங்க கோயில்ல ஆரத்தித் தண்ணி எப்படிச் சிவக்குது? மஞ்சள்ல சுண்ணாம்பு கலக்குறதால. சோப்பும் அந்த வேலையைச் செய்யும். புளிப்புப் பட்டா பழையபடி மஞ்சளாகும். இன்ஸ்பெக்டருக்கு முன்னால இவர் ஒரு தேசிக்காயைப் பிழிஞ்சு காட்டட்டும். மட்கார்டையும் காட்டட்டும்."

மர்ஸூக் பக்கத்தில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "அல்ஹம்துலில்லாஹ்."

"ரேடியேட்டருக்குள்ள மஞ்சளா?" பாறூக் விடவில்லை. "தவிடு போட்டு அடைச்சுப் பார்த்திருக்கேன், ஒரு நாளைக்குத் தாங்கும். மஞ்சளை எந்த மெக்கானிக் போட்டான்?"

"மெக்கானிக் இல்ல. நீங்களா இருந்தா குழாயில என்ன சுத்துவீங்க?"

"கம்பி."

"இது சேலை ஓரத்தைக் கிழிச்ச துணி. தேயிலைக் கொழுந்துச் சாறு பட்டுக் கறுத்திருக்கு. உள்பக்கம் அம்மியில அரைச்ச மஞ்சள் பத்துப் போட்டிருக்கு. முடிச்சுப் போட்டு, அது உறுத்தக்கூடாது எண்டு நுனியை உள்ள சொருகியிருக்கு." ஸுபைதாவின் குரல் தாழ்ந்தது. "பிள்ளையின்ட விரல்ல காயம் பட்டா இப்படித்தான் கட்டுவோம். கொழுந்து எடுக்கிற ஒரு பொம்பள, கார் காயப்பட்டுப் போச்சு எண்டு நினைச்சுக் கட்டியிருக்கா. கொஞ்ச மஞ்சளை உள்ளயும் போட்டிருக்கா. தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பக்கத்துலதான் நீ நின்டிருக்க, சின்னராசா."

சின்னராசா தலையை நிமிர்த்தித் திரையைப் பார்த்தான்.

மர்ஸூக் எழுந்து அவனருகே போனார். "இன்ஸ்பெக்டருக்கு இது தேவையில்ல. எனக்குச் சொல்லு. எட்டு நாள் நீ சொன்ன, நான் கேக்கல்ல. தப்பு என்ட பக்கம். ஆரைக் காப்பாத்துற?"

"சொன்னா அவங்க குடியிருக்கிற காம்பராவக் காலி பண்ணிருவாங்க மொதலாளி. நான் தொரைகிட்ட வெலகல் சீட்டு வாங்காம தோட்டத்த விட்டு வந்தவன். என்னய லயத்துக்குள்ள சேத்தாங்கன்னு கங்காணிக்குத் தெரிஞ்சா…"

"இந்தத் திரையைத் தாண்டிப் போகாது" என்றாள் ஸுபைதா. பாறூக் வேகமாகத் தலையாட்டினான்.

திரைக்கு வெளியே நீண்ட கையிலிருந்து சின்னராசா அந்தக் கந்தலை வாங்கிக்கொண்டான்.

"ஆவி அடிக்குது, சொட்டுச் சொட்டா வடியுது. பாத்துட்டு, 'அய்யோ, எங்கடா அடிபட்டுச்சு'ன்னு ஓடி வந்தாங்க. மூடியத் தொடாதீங்க, கை வெந்துரும், ஆறட்டும்னேன். அது ஆற ஒரு மணி நேரமாச்சு. அது வரைக்கும் என் தலையத் தடவிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் சோறு போட்டாங்க. பாத்து ரெண்டு வருசமாச்சுங்க."

"யாருடா அது?"

"நான் யாருமில்லாதவன் இல்லீங்க, மொதலாளி. அது எங்கம்மா."